நகர்ந்துபோன சாரூன் வீடு

தேநீர்க் கோப்பையைக் கையில் எடுத்ததும் சாரூன் மாமா குடித்துவிட மாட்டார். தூரத்துக் குன்றின் மேலிருக்கும் செல்போன் கோபுரத்தைப் பார்ப்பார், பிறகு தன் கூரையைப் பார்ப்பார். அங்கே இருந்த டிஷ் கோபுரத்துக்கு நேராக நின்றால்தான் முதல் மிடறு. எத்தனையோ வருடங்களாக இப்படித்தான்.

கம்போடியாவின் தொன்லே சாப் ஏரியில் எங்கள் வீடுகள் மிதப்பவை. காற்றடித்தால் வீடு திரும்பும், டிஷ்ஷும் கூடவே திரும்பும். அதிலிருந்து வரும் அலை விளக்கு வெளிச்சம்போலப் பரவாது. ஈட்டி மாதிரி நேராகப் போகும். கொஞ்சம் விலகினாலும் இணைப்பு அறுந்துவிடும். எங்கள் ஊர் மருத்துவப் படகு மரக்கூட்டத்துக்குப் பின்னால் நின்றதால் அதற்குக் குன்று தெரியாது. சாரூன் கூரையிலிருந்த இன்னொரு டிஷ்தான் அதற்கு இணைப்பு கொடுத்தது. இரண்டையும் திருப்பித் திருப்பி நேராக வைப்பது அவர் வேலை.

அக்கா மாலிஸுக்கு வலி எடுத்த காலையில் ஹெங் வீட்டில் கல்யாணம். குழந்தைக்குக் கால் முதலில் வந்தது. மருத்துவப் படகில், திரையில் நகரத்து டாக்டர் சொல்லச் சொல்ல, தாவி என்ற மருத்துவச்சி செய்துகொண்டிருந்தாள்.

"இழுக்காதீங்க. தலை வர்றப்போ..."

டாக்டரின் வாய் திறந்தபடி உறைந்துவிட்டது.

"என்னடா ஆச்சு? போய்ப் பாரு!" என்று தாவி அலறினாள்.

துடுப்புப் போட்டு வெளியே வந்தேன். சாரூன் வீடு இருந்த இடத்தில் வெறும் தண்ணீர். கல்யாணத்துக்கு வீடுகளை இழுத்து வந்து சேர்த்துக் கட்டிப் பந்தலாக்குவது எங்கள் வழக்கம். கேட்டால் யாரும் மறுக்க மாட்டோம். அவர் வீடு ஒரு மோட்டார் படகின் பின்னால் மெல்லச் சுழன்றபடி போய்க்கொண்டிருந்தது. வாசலில் புதுச் சட்டையோடு அவர்.

"மாமா! அக்காவுக்குப் பிரசவம்! டாக்டர் போயிட்டாரு!"

"இன்னிக்கா? கல்யாண நாள்ல மருத்துவப் படகத் தொறக்க மாட்டாங்கன்னுல்ல நெனச்சேன்!"

"வலி என்ன நாள் பாத்தா வரும்? கூரையில ஏறுய்யா!" மோட்டார்க்காரன் கத்திக்கொண்டே படகைத் திருப்பினான்.

பழைய இடத்துக்கு வந்தும் வீடு நிற்கவில்லை. சாரூன் மாமா கூரையில் நின்று, கைக்கு ஒரு டிஷ்ஷாகப் பிடித்து, வீடு சுழலச் சுழல எதிர்ப்பக்கம் திருப்பினார். நான் திரும்பிப் போனபோது டாக்டரின் முகம் வந்தது, போனது, மறுபடி வந்தது. அதற்குள் குழந்தை பிறந்திருந்தது. அது கடைசிவரை அழவேயில்லை.

யாரைக் கோபிப்பது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. ஹெங் கேட்டிருந்தால் நானும் எங்கள் வீட்டை அவிழ்த்துக் கொடுத்திருப்பேனே?

அக்கா கேட்டது ஒன்றுதான். "படகுல யாராச்சும் இருக்கீங்களான்னு ஒரு கொரல் குடுக்கத் தோணலன்னு சாரூன் மாமா என் மொகத்தப் பாத்துச் சொல்லட்டும்."

எங்கள் வழக்கப்படி புத்தாண்டுக்குப் புத்தாண்டு சாரூன் மாமா ஊர்ப் பெரியவர்களிடமெல்லாம் ஊதுவத்தியோடு போய் மன்னிப்புக் கேட்பார். எங்கள் வீட்டருகே வந்ததும் துடுப்பை வேகமாகப் போடுவார். போன மழைக்காலத்தில் நெஞ்சுவலியில் போய்ச்சேர்ந்தார். அக்கா கேட்ட அந்த ஒரு வார்த்தையை அவளிடம் கடைசிவரை சொல்லவேயில்லை.