அக்செல் கட்டிய கம்பிகள்

சென்ற மாதம் அடக்கம் செய்யப்பட்ட அந்தோனின் குபாத், சிகாகோவை ஒட்டிய சிசரோவில் ஒரு தொலைபேசி ஆலையில் முப்பத்தெட்டு வருடம் இணைப்புப் பலகைகளில் கம்பி கட்டியவர். அந்த வேலை கையை விட்டுப் போகப் பார்த்தது ஒரே ஒரு முறை. அது 1932 பிப்ரவரி.

அப்போது அந்தோனினோடு சேர்த்து ஒன்பது பேரைத் தனி அறைக்கு மாற்றியிருந்தார்கள். மூலையில் மேசை போட்டு விட்காம் என்பவர் உட்கார்ந்திருந்தார். யார் யாரோடு பேசுகிறார், யார் ஜன்னலைத் திறக்கிறார், எல்லாவற்றையும் எழுதுவார். அவருக்கு முன்னால் வந்தவர்கள் கையில் கடிகாரத்தோடு வந்தார்கள். கூலியைக் கூட்டினால் வேலை வேகமாக ஓடும் என்பது அவர்கள் கணக்கு. ஓடவில்லை. ஏன் என்று பார்க்கத்தான் விட்காம்.

காரணம் அந்த ஒன்பது பேருக்கும் தெரியும். ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு பலகைதான் என்று தங்களுக்குள் பேசி வைத்திருந்தார்கள். அதற்கு மேல் கட்டினால் ஆலை அளவை உயர்த்தும், மெதுவான ஆள் வெளியே போவார். மீறினால் மேல்கையில் ஒரு குத்து. அந்தோனினுக்கு முதல் வாரமே விழுந்தது. குத்தியவர் சுவீடன்காரர் அக்செல்.

"டேய் புயலு, எங்க ஓடுற? வீட்ல தீப்புடிச்சிருச்சா?"

"கை தானா போவுதுண்ணே."

"அப்ப அதக் கட்டிப்போடு. இல்லன்னா நாங்க கட்டிப்போடுவோம்."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தோனினுக்கு அக்செலைக் கண்டாலே பிடிக்காமல் போயிற்று.

பிப்ரவரி முதல் வாரம் கம்பி முனை வலது கட்டைவிரலில் ஏறி நகச்சுற்று வந்தது. மனைவி போஷேனா பாலில் நனைத்த ரொட்டியைச் சுடச்சுட வைத்துக் கட்டினாள். கேட்கவில்லை. ஒரு பலகைகூட முடியவில்லை. மாதக் கடைசியில் ஆள்குறைப்புப் பட்டியல் வரும். வீட்டில் ஒன்பது மாதக் குழந்தை.

மூன்றாம் நாள் பிற்பகல் அக்செல் தன் பலகைகளை முடித்துவிட்டு வந்து நின்றார்.

"நகரு."

"வேணாம்ணே. அடுத்தவன் பலகையில கை வெச்சா சீட்டுக் கிழியும்."

"ரெண்டு பலகைன்னா எல்லாருக்கும் ரெண்டு. உனக்கு மட்டும் ஒண்ணா? நகருடா."

மறுநாள் இன்னொருவர். அதற்கு மறுநாள் வேறொருவர். மூலையில் விட்காமின் பென்சில் ஓடிக்கொண்டே இருந்தது. தாங்க முடியாமல் அந்தோனின் அவரிடம் போனார்.

"சார், அத எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன்."

"அடிச்சிருங்க சார். அவங்க மேல தப்பில்ல. நாந்தான் கெஞ்சிக் கேட்டேன்."

"நீங்க கேக்கல, மிஸ்டர் குபாத். நான் இங்கதான இருந்தேன்." விட்காம் குரலைத் தாழ்த்தினார். "இது மேல போவாது. பாக்கணும், எழுதணும், யாரையும் காட்டிக் கொடுக்கக் கூடாது. எனக்குப் போட்ட விதி அது."

அந்தோனின் நம்பவில்லை. அதிகாரிகளும் அந்தக் கட்டிடத்தில்தான் இருந்தார்கள். மாதக் கடைசி வரை அதே நினைப்பு. தன்னால் எட்டுப் பேர் போய்விடுவார்களோ என்ற பயம்.

பட்டியலைக் கதவில் ஒட்டினார்கள். அந்தோனின் கிட்டே போகாமல் பின்னால் நின்றார். அக்செல்தான் விரல் வைத்துப் படித்தார்.

"உம் பேரு இல்ல."

"உங்க பேருண்ணே?"

"நம்ம ரூம்ல ஒருத்தன் பேரும் இல்லடா. மூஞ்சியத் தொடச்சுக்க."

அந்தோனின் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மூலை மேசைக்குப் போய், கட்டுப் போடாத இடது கையை நீட்டினார். விட்காம் எழுந்து நின்று அதைப் பற்றிக்கொண்டார்.

வசந்தத்தில் அந்த அறையே மூடப்பட்டது. ஆலைக்குள்ளேயே ஆளுக்கொரு பிரிவுக்குப் போனார்கள். அந்தோனின் மட்டும் ஒவ்வொரு பிப்ரவரியும் கோவிலில் ஒன்பது மெழுகுவர்த்தி ஏற்றினார். எட்டுப் பேருக்கு எட்டு, விட்காமுக்கு ஒன்று. இந்த வருடம் நடக்க முடியாததால் வீட்டிலிருந்து ஆள் அனுப்பினார். திரும்பி வந்ததும் ஒன்பதும் எரிந்ததா என்று மூன்று முறை கேட்டார்.

எரிந்தது.