கஸ்தூரிரங்கன் தேர்ந்தெடுத்த கேமரா

பெங்களூர் மல்லேஸ்வரத்தில் கஸ்தூரிரங்கனுக்கு இருந்த ஒரே எதிரி பக்கத்து வீட்டு வைத்தீஸ்வரன். சுவர்த் தகராறு ஒன்றும் இல்லை. அந்த மனிதர் விடிந்ததும் விடியாததுமாகத் தன் வீட்டு ரோஜாவை மொபைலில் பிடித்து, தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் 'இனிய காலை' என்று போட்டுவிடுவார். தெருவே அதைக் கும்பிடும். கஸ்தூரிரங்கன் மொட்டைமாடியில் பிள்ளை போல வளர்த்த செடிகளைச் சீந்த நாதியில்லை. வைத்தீஸ்வரன் வாயால் ஒரு பாராட்டு வாங்காவிட்டால் தான் இருந்தென்ன போயென்ன என்று அவருக்கு ஆகிவிட்டது.

அதற்கு நல்ல கேமரா வேண்டும். கஸ்தூரிரங்கனோ கத்தரிக்காயைக்கூட காம்பைத் திருகிப் பார்த்து வாங்குகிறவர். யூடியூபில் பாடம் கேட்டார். கடை கடையாக ஏறி இறங்கினார். சென்சார் பெரிதானால் விலை எகிறியது; விலை இறங்கினால் மகரந்தம் தெளிவாக விழவில்லை. பூங்காவில் நடக்க வருகிறவர்கள் அவருடைய கேமரா பேச்சுக்குப் பயந்து அவரைக் கண்டாலே வேறு பாதையில் திரும்பினார்கள். இவர் ஆராய்ந்து முடிப்பதற்குள் டாலியா பூத்து உதிர்ந்தது, சாமந்தியும் பூத்து உதிர்ந்தது. லால்பாக் பக்கம் வாங்கி நட்ட ஒட்டுச் செம்பருத்தி மொட்டு விட்ட பிறகுதான் மனிதர் துணிந்து பணத்தைக் கட்டினார். செம்பருத்தி ஒரு நாள் பூ. அதனிடம் வாய்தா கேட்க முடியாது.

கேமரா வந்து சேர்ந்தது ஆயுத பூஜைக்கு முந்தின நாள். மறுநாள் காலை மாடிக்குப் போனால் உள்ளங்கை அகலத்துக்கு, ஆரஞ்சும் சிவப்புமாகப் பூ விரிந்திருந்தது. கஸ்தூரிரங்கனுக்குக் கண் கலங்கிவிட்டது. பேட்டரியைக் கழற்றி சார்ஜில் போட்டார். முதல் படத்தைச் சுத்தபத்தமாக எடுக்கலாம் என்று குளிக்கப் போனார்.

குளித்துவிட்டு மாடியேறினால் செடியில் காம்புதான் மிச்சம். பதறியடித்துக் கீழே வந்தார். பூஜை அறையில், அரிவாள்மணைக்கும் ஸ்கூட்டர் சாவிக்கும் நடுவே கேமரா வீற்றிருந்தது. அதற்கு நெற்றி எது என்று தெரியாமல் அவர் மனைவி கோமளம் லென்ஸின் நட்டநடுவில் சந்தனமும் குங்குமமும் இட்டிருந்தாள். உச்சியில் செம்பருத்தி.

"ஏன்னா, ஆசையா வாங்கினேளே. உங்களுக்குப் பிடிச்ச பூவையே வெப்போம்னு நானே மாடியேறிப் பறிச்சுண்டு வந்தேன்" என்றாள்.

எடுக்கக் கை நீட்டியவரை, பூஜையில் வைத்ததை நாளைக்குத்தான் தொடணும் என்று தடுத்தும் விட்டாள். நாளைக்குப் பூ எங்கே இருக்கும்? அவருக்கு அழுகை வந்தது. நல்ல நாளும் அதுவுமாக அழக்கூடாது என்று சுண்டலை மென்றார்.

கோமளம் அதற்குள் பூஜையைத் தன் மொபைலில் படம் பிடித்துக் குழுவில் போட்டிருந்தாள். கும்பிடு வந்து குவிந்தது. மத்தியானம் வைத்தீஸ்வரனும் எழுதினார். அதைக் கோமளம் உரக்கப் படித்தாள்.

"பூ பிரமாதம் மாமி. எந்த மொபைல்? பூவுக்கு அடியிலே கறுப்பா ஒண்ணு இருக்கே, அது என்ன மெஷின்?"