கதவுக்கு என்றால் எந்த இடத்துக்கு?

வாகன உதிரிப்பாகக் கடையில் மலிவான சாமான் கிறீஸ். அதிகமாக ஏச்சு வாங்கித் தருவதும் அதுதான். இதை ஒழுங்காகச் சொல்வேனா என்று எனக்குப் பயமாக இருக்கிறது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஒன்றை மாற்றிச் சொல்லிவிட்டால், இதைப் படித்த யாராவது ஏறுமாறாகப் பூசிவிட்டு என்னைத்தான் தேடி வருவார்கள். இதுவரை வந்தவர்கள் போதும்.

கண்டியில் பேராதனை வீதியில் என் அண்ணனின் கடை. கணவர் இறந்ததிலிருந்து கவுண்டரில் நிற்கிறேன். எனக்கு வேறு வருமானம் இல்லை. அண்ணன் கெட்டவர் இல்லை. ஆனால் வாடிக்கையாளர் சத்தம் போட்டால் நியாயம் அவர் பக்கம்தான் என்று முடிவு கட்டிவிடுவார். "இன்னொரு முறைப்பாடு வந்துச்சுன்னா கவுண்டருக்கு வேற ஆள் போட்டுருவேன்" என்று சொல்லியும் விட்டார். பிறர் பிழைக்குப் பேச்சு வாங்கியவர்களே, உங்களுக்கு இது புரியும்.

எங்கள் பக்கம் கிறீஸை டப்பாவாக வாங்குகிறவர்கள் குறைவு. வாளியிலிருந்து அள்ளி, பொலித்தீன் பையில் முடிந்து கொடுக்க வேண்டும். "கதவுக்குக் கொஞ்சம் கிறீஸ்" என்பார்கள். கதவு தொங்குகிற பிணைச்சலுக்கா, பூட்டுக்கா, கண்ணாடி ஓடுகிற ரப்பருக்கா என்று கேட்டால், ஏதோ சொந்த விஷயத்தை விசாரித்த மாதிரி முறைப்பார்கள்.

சாமி எண்ணெய்

கம்பளையில் துணிக்கடை வைத்திருக்கும் முதலாளி ஒருவர், காரின் கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டே ஓட்டி வந்து சேர்ந்தார். எங்களிடம் வாங்கிய புது லொக், அதுதான் கதவுப் பூட்டு, காலையில் பிடிக்கவே இல்லையாம். குனிந்து பார்த்தேன். லொக்குக்குள் மெழுகுவர்த்தி உருகி வழிந்த மாதிரி வெள்ளையாக என்னவோ உறைந்து கிடந்தது. மோந்து பார்த்தால் தேங்காய் எண்ணெய். மார்கழிக் குளிரில் எங்கள் வீட்டுப் போத்தலிலேயே அது கட்டியாகிவிடும். லொக்கின் நாக்கு மட்டும் அசையுமா? வெயில் ஏறினால் கதவு தானாகப் பூட்டும், விடிந்தால் மறுபடி திறந்துகொள்ளும்.

"எண்ணெய் விட்டீங்களா ஐயா?" என்று மரியாதையாகத்தான் கேட்டேன். வெள்ளிக்கிழமை விளக்கேற்றி மிஞ்சியதை வீணாக்காமல் எல்லாக் கதவுக்கும் விட்டாராம். இதற்குள் அண்ணன் எழுந்து வந்து, ஒன்றும் கேட்காமல் இன்னொரு புது லொக்கை அவர் கையில் இனாமாக வைத்தார். முதலாளி அதை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "சாமிக்கு ஏத்துற எண்ணெய்ம்மா அது, அதுல எப்படிக் குத்தம் வரும்? ஒங்க லொக்குதான் மட்டம்."

ஒரே டின்

பக்கத்து கராஜில் ஒரு சிங்கள மெக்கானிக் இருக்கிறார். எல்லோருக்கும் அவர் பாஸ்; கைவேலைக்காரரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவது. சக்கரத்துக்குள் போடும் கெட்டிக் கிறீஸ் ஒரு டின் வைத்திருக்கிறார். சக்கரமோ, கதவோ, சீட் தண்டவாளமோ, எது வந்தாலும் விரல் அந்த டின்னுக்குள்தான் போகும்.

கார்க் கண்ணாடி இறுகி ஏறுகிறது என்று ஒரு டீச்சர் வந்தார். ரப்பருக்குக் கிறீஸ் ஆகாது, ஊதிப் போகும் என்று சொல்லி சிலிக்கன் ஸ்பிரே கொடுத்தேன். டீச்சர் அதைப் பாஸிடம் கொண்டுபோக, அவர் ஸ்பிரேயைப் பின் சீட்டில் போட்டுவிட்டு டின்னுக்குள் விரலை விட்டார். மாதம் திரும்பவில்லை. ரப்பர் ஊதி, கண்ணாடி பாதியில் நின்று, அடை மழையில் டீச்சர் தலையோடு நனைந்து நேரே என்னிடம் வந்தார். பாஸ்தான் அனுப்பியிருக்கிறார், "கடைக்காரம்மாகிட்ட கேளுங்க" என்று!

எனக்கு வந்த கோபத்துக்கு, குடைகூட எடுக்காமல் கராஜுக்குப் போய்க் கத்தினேன். பாஸ் கையைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்: "ஏன் அக்கா கத்துறது? கிறீஸ் எல்லாம் ஒரு அம்மாட பிள்ளைங்கதானே!"

ஸ்கூல் வேன்

கடுகண்ணாவையிலிருந்து பிள்ளைகளை ஏற்றி வரும் வேன்காரர், பக்கவாட்டில் தள்ளும் கதவுக்குக் கிறீஸ் கேட்டார். விசாரித்ததில் பூட்டுக்காம். அதற்கு மெல்லிய வெள்ளைக் கிறீஸ், அதுவும் துளி போதும் என்று எடுத்து வைத்தேன். "என்னாக்கா, பல்லு வெளக்குற பேஸ்ட் மாதிரி இருக்கு! இது வேன் கதவத் தாங்குமா? நல்லாக் கெட்டியா அள்ளிப் போடுங்க" என்றார். பூட்டுக்குள் கெட்டியை அடைத்தால் தூசி சேர்ந்து இறுகிவிடும் என்று நான் சொல்லி முடிக்கவில்லை. "கேட்டதக் குடுத்து அனுப்பு" என்று மேசையிலிருந்து அண்ணன் குரல் வந்தது. கொடுத்தேன்.

சில வாரம் கழித்து, பூட்டு பிடிக்காமல் கடுகண்ணாவை வளைவில் கதவு ஓடித் திறந்துகொண்டது. ஓரத்தில் இருந்த பிள்ளையை இன்னொரு பிள்ளை சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறாள். விழுந்தது பைகள் மட்டும். வேன்காரர் நசுங்கிப்போன சாப்பாட்டுப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து கவுண்டரில் போட்டு, "என்னா சாமான் குடுத்தீங்க?" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினார். அண்ணன் என்னைப் பார்த்த பார்வையிலேயே என் இடம் போய்விட்டது தெரிந்தது.

போகட்டும் என்று, அந்தப் பெட்டியை எடுத்து அண்ணனின் மேசையில் வைத்தேன். "இதுல சோறு மட்டுந்தான் கொட்டிருக்கு. அடுத்த தரம் புள்ள விழுந்தா, கேட்டதத்தான் குடுத்தோம்னு அதோட தாய்கிட்ட நீங்க போய்ச் சொல்லுங்கண்ணே. நான் போகமாட்டேன்." வேன்காரர் கத்துவதை நிறுத்திவிட்டு மெதுவாகக் கேட்டார்: "அந்தப் பேஸ்ட் இன்னும் இருக்காக்கா?"

வண்டி வந்தால்தான்

அன்றே கிறீஸ் வாளியைப் பின்னறைக்குத் தள்ளினேன். கதவுக்கு என்று யார் கேட்டாலும் வண்டி கடை வாசலுக்கு வரவேண்டும். எந்த இடம் என்று விரலால் தொட்டுக் காட்டவேண்டும். பிணைச்சலுக்கும் பூட்டுக்கும் வெள்ளைக் கிறீஸ், ரப்பருக்குச் சிலிக்கன், சாவித் துவாரத்துக்கு ஈரமே ஆகாது, கிராபைட் என்கிற கறுப்புத் தூள் மட்டும். பழைய அழுக்கைத் துடைத்து, நானே தொட்டு வைத்து, கதவை அடித்துச் சாத்திப் பார்த்த பிறகுதான் காசு வாங்குவேன். மாட்டேன் என்கிறவர்கள் வேறு கடைக்குப் போகலாம்.

சிலர் போகவும் செய்தார்கள். அண்ணன் வேறு ஆள் போடவில்லை, வாயை மட்டும் அடக்கவில்லை: "இப்புடியே போனா, பல்பொடி வாங்க வாறவன்கிட்டயும் வாயத் தொறந்து காட்டச் சொல்லுவ!"

கேட்டதைக் கொடுத்தாலும் ஏச்சு, கேள்வி கேட்டாலும் ஏச்சு என்றான பிறகு, கேள்வி கேட்டே ஏச்சு வாங்குகிறேன். கதவாவது ஒழுங்காக மூடுகிறது.