வாடையில் எடுத்த படம்

வெள்ளிக்கிழமை, விடிகாலை. ராமநாதபுரத்தில் ஏறிய பஸ் எங்களைப் பெங்களூர் மடிவாளாவில் இறக்கிவிட்டது. தூரம் ஐந்நூற்றைம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே, தலைக்குத் தொள்ளாயிரத்து ஐம்பது ரூபாய். அந்தக் காசுக்கு மேல்தட்டுப் படுக்கையைக் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு வேகத்தடைக்கும் என் தலை பஸ்ஸின் கூரையைத் தொட்டு வணக்கம் சொல்லிக்கொண்டே வந்தது. டிசம்பர் குளிர் வேறு. என்னுடன் வந்த சகாயமேரி சேலைத் தலைப்பைக் காதோடு சேர்த்துச் சுற்றிக்கொண்டு, “இந்த ஊர்ல மனுசன் எப்பிடிண்ணே இருக்கான்?” என்று கேட்டார்.

சகாயமேரி எங்கள் ஊர் மீனவப் பெண்கள் சங்கத்தின் தலைவி. குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு வள்ளம் உண்டு. கணவர் அருளப்பன் அதில் தொழிலுக்குப் போகிறார், மேரி மீனை ஏலத்தில் விற்கிறார். நான் அதே ஊரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருப்பவன். ஆதார், பட்டா, பரீட்சை முடிவு என்று ஊராருக்கு எடுத்துக் கொடுப்பது என் தொழில். எங்காவது போய்வந்தால் அதை எழுதாமல் இருக்க முடியாதது என் வியாதி.

சுற்றிப் பார்க்க வந்தவர்கள் இல்லை நாங்கள். எங்கள் ஊர் இருப்பது கடலுக்குள் நீண்டு கிடக்கும் ஒரு மணல் திட்டில். வடக்கேயும் கடல், தெற்கேயும் கடல். ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நடந்தால் கால் மணி நேரம். மாவட்டத்தின் கடலோர வரைபடத்தை யார் வேண்டுமானாலும் இறக்கிப் பார்க்கலாம் என்று அரசு இணையத்தில் போட்டிருந்தது. கடையில் ஆளில்லாத ஒரு மத்தியானம் இறக்கிப் பார்த்தேன். தென்கரையில் நீலக் கோடுகள், அதாவது மீன்பிடிப் பயன்பாடு. வடகரை முழுக்க மஞ்சள். மஞ்சளுக்கு என்ன அர்த்தம் என்று ஓரத்தில் தேடினேன். ‘பயன்பாடற்ற மணல்’ என்றிருந்தது.

உடனே மேரிக்குப் போன் போட்டேன். காரணம், ஒரு சுற்றுலா விடுதிக்காரர் எங்கள் வடகரையைக் குத்தகைக்குக் கேட்டு மனுப் போட்டு மூன்று மாதமாகிறது. இந்தப் படம் இப்படியே இறுதியாகிவிட்டால், யாருக்கும் பயன்படாத மணலைக் கேட்பவருக்குக் கொடுக்க ஒரு தடையும் இருக்காது. மாவட்ட அலுவலகத்துக்கு ஓடினோம். படம் அவர்கள் வரைந்ததில்லையாம், பெங்களூரில் ஒரு தனியார் நிறுவனம் வரைந்ததாம். திருத்தம் அங்கிருந்துதான் வர வேண்டும், அதுவும் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் இணையத்தில் ஏற வேண்டும் என்றார்கள். நான் அனுப்பிய மின்னஞ்சல்களுக்கெல்லாம் ‘தங்கள் கருத்துக்கு நன்றி’ என்று இயந்திரம் பதில் போட்டது. கடைசியில் தொலைபேசியில் ஒரு பெண் கிடைத்தார். பெயர் கிருபா, எங்கள் பகுதியை வரைந்தவரே அவர்தான். “போன்ல ஒண்ணும் புரியல சார். நேர்ல வந்து ஸ்கிரீன்ல காட்டுங்க, பார்க்கலாம்” என்றார். அப்படித்தான் பஸ் ஏறினோம்.

தர்ஷினி என்ற சிற்றுண்டிக் கடை ஒன்றில் நின்றபடியே இட்லி சாப்பிட்டோம். சாம்பாரில் வெல்லம். மேரி ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டையே சந்தேகமாகப் பார்த்தார். காபி மட்டும் நன்றாக இருந்தது, பதினெட்டு ரூபாய்.

நிறுவனம் காக்ஸ் டவுனில். ஆட்டோக்காரர் விவேக் நகர்த் தமிழர். முந்நூறு கேட்டு இருநூற்றைம்பதுக்கு இறங்கினார். பத்து கிலோமீட்டர்தான், ஆனால் ஆடுகோடி தாண்டவே அரை மணி நேரம் போய்விட்டது. நான் மணியைப் பார்ப்பதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: “டென்சன் ஆகாதீங்க சார். பெங்களூர்ல எல்லாருமே லேட்டுதான், யாரும் கேக்க மாட்டாங்க.”

“எங்களக் கேப்பாங்கய்யா” என்றார் மேரி. அவ்வளவுதான், ஆட்டோக்காரர் வண்டியை நடைபாதையில் ஏற்றி ஓட்டினார்.

பத்து மணி. காக்ஸ் டவுனில் ஒரு தேவாலயத்துக்குப் பின்னால், மர ஜன்னல் வைத்த பழைய வீடு. அதன் மாடியில் அலுவலகம். கிருபா வரவில்லை. வாசலில் இருந்த காவலாளி எங்களை ஒரு பெஞ்சில் உட்காரச் சொன்னார். பத்தரை ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. மேரி ஜெபமாலையை எடுத்தார். எனக்குக் கோபம் வந்தது. ஐந்நூற்றைம்பது கிலோமீட்டர் தாண்டி நாங்கள் வந்துவிட்டோம், உள்ளூர்க்காரருக்கு வரத் தெரியவில்லை என்று பொருமிக்கொண்டிருந்தேன்.

அவர் உள்ளூர்க்காரர் இல்லை என்பது வந்த பிறகுதான் தெரிந்தது. முப்பது வயது இருக்கும், தோளில் பை, கையில் டிபன் டப்பா. தினமும் கோலார் தங்கவயலிலிருந்து மாரிக்குப்பம் ரயிலில் வந்து போகிறவர். “சாரி சார், சாரி அக்கா. ட்ரெய்ன வைட்ஃபீல்டுக்கிட்ட நிறுத்திட்டான், ஒரு மணி நேரம். வாங்க, உக்காருங்க.” மூச்சு வாங்கியபடியே கணினியைத் திறந்தார். என் கோபம் போன இடம் தெரியவில்லை.

திரையில் எங்கள் ஊர் வந்தது. மேலேயிருந்து செயற்கைக்கோள் எடுத்த படம். தேவாலயக் கூரை, தண்ணீர்த் தொட்டி, என் கடையின் தகரம்கூடத் தெரிந்தது. தென்கரையில் அரிசி இறைத்தாற்போல வள்ளங்கள். வடகரை வெறுமை. மணலும் நுரையும்தான்.

“பாருங்க சார், நார்த் சைடுல ஒரு போட் இல்ல, ஒரு ஷெட் இல்ல. நான் என்னன்னு போடறது?” என்றார் கிருபா. நியாயமான கேள்விதான்.

மேரி திரைக்கு அருகில் குனிந்தார். “ஏம்மா, இது எந்தக் காத்துல எடுத்த படம்?”

கிருபா என்னைப் பார்த்தார். நான் விளக்கினேன். எங்கள் ஊரில் வருஷத்துக்கு இரண்டு காற்று. ஐப்பசி பிறந்தால் வடகிழக்கிலிருந்து வாடை. அப்போது வடகடல் பொங்கும், ஊர் மொத்தமும் தென்கரைக்குப் போய்விடும். சித்திரைக்குப் பிறகு தென்மேற்கிலிருந்து கச்சான். அப்போது தென்கடல் ஆகாது, எல்லோரும் வடகரைக்கு. வள்ளங்களை டிராக்டரில் கட்டி, ஊருக்கு நடுவே இழுத்துக்கொண்டு போவோம். கரை மாறும் அன்று பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகள் வராது.

கிருபா படத்தின் தேதியைப் பார்த்தார். ஜனவரி, சரியான வாடை.

பழைய படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். மேகம், மேகம், மறுபடி மேகம். மத்தியானம் ஒரு மணி சுமாருக்கு ஒரு ஜூலை மாதப் படம் கிடைத்தது. வடகரை முழுக்க வள்ளங்கள், வலை உலர்த்தும் கொட்டகைகள். மேரி திரையில் விரலை வைத்து, “இது நம்ம வள்ளம்ணே, பச்ச” என்றார். எனக்குக் கண் நிறைந்தது, சொல்வதில் வெட்கமில்லை.

“இதையே போட்டுரும்மா. அத எடுத்துட்டு இதப் போட்டுரு” என்றார் மேரி. நானும் தலையை ஆட்டினேன்.

கிருபா ஆட்டவில்லை. “அக்கா, சௌத் பாருங்க” என்றார்.

பார்த்தோம். ஜூலையில் தென்கரை மொட்டையாகக் கிடந்தது.

“இந்தப் படத்தப் போட்டா நார்த் புளூ ஆகும், சௌத் எல்லோ ஆகும். ஒரு மேப்புக்கு ஒரே டேட்ல எடுத்த இமேஜ்தான், அதான் ரூல்.”

அவசரத்தில் நாங்களே எங்கள் மறுகரையைத் தூக்கிக் கொடுக்கப் பார்த்திருக்கிறோம். மேரி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நாலு தலைமுறையாகக் காற்றோடு மாறி மாறிப் போய்வந்தவர்களுக்கு, இரண்டு கரையும் ஒரே நாளில் தங்களுடையது என்று ஒரு படத்தில் காட்டும் அவசியம் வந்ததே இல்லை.

கிருபா ஹைதராபாத்தில் இருக்கும் தன் மேலாளருக்குப் போன் போட்டார். அவர் கூட்டத்தில் இருந்தார். மூன்று மணிக்குத்தான் கிடைத்தார். இரண்டு படங்களையும் சேர்த்துப் போடலாமா என்று கிருபா ஆங்கிலத்தில் கேட்டார், கெஞ்சினார், ஒரு கட்டத்தில் குரலை உயர்த்தினார். மறுமுனையின் பதில் எங்களுக்கும் கேட்டது. முடியாது. கிருபா போனை வைத்தார்.

“எங்க அப்பா மைன்ஸ்ல இருந்தவர்” என்றார். “மைன்ஸ்காரங்களுக்குக் கட்டுன எங்க லைன் வீடுங்கள ஒரு மேப்ல பாழடைஞ்ச கட்டடம்னு போட்டிருக்கான். உள்ள நாங்க இருக்கோம், சார். அத மாத்த எங்க போறதுன்னு எங்களுக்குத் தெரியல.”

அப்புறம் எழுந்துபோய் ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, வரைபட விதிகள் அடங்கிய கோப்பை முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன். மணி நாலைத் தொட்டது. மேரி எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வழி ஒரு பின்னிணைப்பில் இருந்தது. நீலம், மஞ்சள் தவிர மூன்றாவதாக ஒரு நிறம் உண்டு, ஆரஞ்சு. ‘பயன்பாடு கோரப்பட்டது, களத்தில் சரிபார்க்க வேண்டும்.’ ஜனவரிப் படத்தையே வைத்துக்கொண்டு தென்கரையை நீலமாக விட்டு, வடகரையை ஆரஞ்சாக்கலாம். கிருபா எங்கள் வடகரையின் ஓரத்தைப் புள்ளி புள்ளியாக வரைந்தார். மேரி சொல்லச் சொல்லக் கோடு நகர்ந்தது. முடிந்தபோது நாலே முக்கால்.

ஏற்றினார். வட்டம் சுற்றியது. பிழை என்று வந்தது. மறுபடி ஏற்றினார், மறுபடி வட்டம். நாட்டிலுள்ள அத்தனை பேரும் கடைசி நாளுக்காகவே காத்திருந்தவர்கள்போல. மூன்றாவது முறை, மணி ஐந்தாக இரண்டொரு நிமிஷம் இருக்கும்போது, ‘பெறப்பட்டது’ என்று வந்தது. மேரி கிருபாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

கிருபா சிரிக்கவில்லை. “அக்கா, இன்னும் ஒண்ணு இருக்கு. ஆரஞ்சு போட்டா பதினஞ்சு நாளுக்குள்ள ஒரு ஆள் வருவார், சொல்லாம. ஸ்பாட்ல போட்டோ எடுப்பார். போட்டோல யூஸ் பண்ற மாதிரி எதுவும் இல்லன்னா திரும்ப எல்லோ ஆயிரும், அப்புறம் மாத்த முடியாது. அங்க ஏதாச்சும் இருக்குல்ல? கம்பம், ஷெட்டு, கயிறு?”

மேரி இல்லையென்று தலையசைத்தார். “எதையும் வுட்டு வைக்க மாட்டோம்மா. வாடைக்குக் கடல் ஏறி வந்து எடுத்துட்டுப் போயிரும். கம்பத்தக்கூடப் பிடுங்கி எடுத்துட்டுத்தான் தெக்க போவோம்.”

கிருபாவுக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. படியிறங்கும்போது தன் சொந்த எண்ணை என் போனில் பதிந்து கொடுத்தார்.

மாலை ஆறு மணி. மடிவாளாவுக்குத் திரும்ப முந்நூற்றிருபது ரூபாய், இம்முறை பேரம் பேச எனக்குத் தெம்பில்லை. வழியில் வீடுகளுக்கு நடுவே ஒரு காலி மனை. புதர் மண்டிக் கிடக்கிறது, ஒரு ஆள் கால் வைத்த தடம் இல்லை. ஆனால் சுற்றுச் சுவரில் உரிமையாளர் பெயரும் ‘விற்பனைக்கு இல்லை’ என்ற வாசகமும் பெரிய எழுத்தில் இருந்தன. சிக்னலில் நின்றபோது இன்னொரு மனை, அதே வாசகம். இங்கே யாரும் இல்லாத இடத்துக்கும் ஆள் இருக்கிறது. எங்கள் ஊரில் ஆயிரம் பேர் வாழும் கரையில் ஒரு பலகை கிடையாது. எரிச்சல் எரிச்சலாக வந்தது எனக்கு.

பஸ் நிற்கும் இடத்தில் மேரி கணவரை அழைத்தார். இரைச்சலுக்காக ஒலிபெருக்கியில் போட்டார். அந்தப் பக்கம் காற்றின் சத்தம் அதைவிட மேலாகக் கேட்டது.

“நம்ம வள்ளத்த டிராக்டர்ல கட்டி வடக்க கொண்டாந்து போடுங்க. கொட்டகையும் ஒண்ணு போடணும்.”

அருளப்பன் கத்தினார். “கிறுக்கா பிடிச்சிருக்கு? நேத்து அலை ரோடு வரைக்கும் வந்துருச்சு. ஒரு ராத்திரி தாங்காது.”

“பதினஞ்சு நாளைக்குத்தான். போட்டோ எடுக்க ஒரு ஆள் வருவான், எப்பன்னு தெரியாது. வரும்போது அங்க ஒரு வள்ளமாவது கெடக்கணும்.”

“ஊர்ல வேற யார் வள்ளத்தையாவது கேளு.”

“யார்ட்ட கேக்க? தலைவின்னு நாந்தான இருக்கேன்.” அந்த வள்ளத்தைத் தவிர அவர்களுக்கு வேறு எதுவும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

மறுமுனையில் மறுபடி காற்று. பிறகு அருளப்பன், “அண்ணன்கிட்ட குடு” என்றார். மேரி போனை என்னிடம் நீட்டினார்.

“அண்ணே, படத்தப் பாத்துச் சொன்னது நீங்கதான். நீங்களே சொல்லுங்க. கொண்டாரவா?”

எங்கள் பஸ் வந்து நின்றது. நடத்துநர் ராமநாதபுரம், ராமநாதபுரம் என்று கூவினார். மேரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கொண்டாங்க” என்றேன்.

எனக்கு வள்ளம் கிடையாது.