பெற்றோல் எல்லாம் பின்னுக்கு

நான் டென்மார்க்குக்கு வந்த புதிதில், எங்கள் ஆட்கள் ஒருவர் மற்றவருடைய காரை விசாரிக்க ஒரு முறை வைத்திருந்தார்கள். என்ன கார் என்று கேட்கமாட்டார்கள். அதுதான் கண்ணுக்குத் தெரிகிறதே. "லீற்றருக்கு எத்தினை ஓடுது?" என்றுதான் கேட்பார்கள். மற்றவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "எட்டுக்கூட ஓடாது, பயங்கரமாக் குடிக்குது" என்பார். மகன் டொக்டருக்குப் படிக்கிறான், வீட்டுப் பக்கம் வர நேரமில்லை என்று தாய்மார் குறைப்படுவார்களே, அந்த வகைக் குறை. இருபது கிலோமீற்றர் ஓடும் சின்னக் கார் வைத்திருப்பவன் அந்த இடத்தில் வாயைத் திறக்கமாட்டான்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நாலைந்து நாடுகளில் தோட்டத்திலும் கோழிப் பண்ணையிலும் வேலை செய்தேன். ஒரு குளிர்காலம் முழுக்கப் பழைய வான் வண்டி ஒன்றுக்குள் படுத்து எழும்பினேன். அந்த வான் இவர்களுடைய எல்லாக் கார்களையும்விட அதிகம் குடித்தது. பழைய எஞ்சின் அப்படித்தான். அதற்காக யாரும் எழுந்து எனக்குக் கதிரை தரவில்லை. குடிப்பதில் மரியாதை இல்லை, ஊற்றிக் கொடுக்க வசதி இருக்கிறது என்று காட்டுவதில்தான் இருக்கிறது.

பிறகு கரண்ட் கார் வந்தது. அதே வாய்கள் மறுபக்கம் திரும்பின. ஒரு துளியும் குடிப்பதில்லை என்பது பெருமையாயிற்று. பெற்றோல் அடிப்பவனைக் கோயில் வாசலில் சுருட்டுப் பிடிப்பவனைப் போலப் பார்த்தார்கள். காற்று, பூமி, பிள்ளைகளின் எதிர்காலம் என்றெல்லாம் கதைத்தார்கள். முந்தி இவர்கள் பூமியைப் பற்றிக் கதைத்தது காணி விற்கும்போது மட்டும்தான்.

இந்த மாற்றம் நடந்துகொண்டிருந்தபோது ரண்டர்ஸ் நகரில் ஒரு தை மாதக் கல்யாணம். பெண்ணின் தகப்பனுடைய வீட்டுக்கு நான் பெயின்ற் அடித்துக் கொடுத்திருக்கிறேன். அந்த உரிமையில் என்னிடம் மஞ்சள் மேலங்கி ஒன்றைத் தந்து, கல்யாண ஹோலுக்கு வரும் கார்களுக்கு இடம் காட்டச் சொன்னார்.

"தம்பி, கரண்ட் எல்லாம் முன்னுக்கு. பெற்றோல், டீசல் எல்லாம் ஹோலுக்குப் பின்னாலை. ட்ரோன் மேலை நிண்டு படம் எடுக்கும்."

"ஏன் அண்ணை அப்பிடி?"

"மாப்பிள்ளை காற்றாலைக் கொம்பனியிலை எஞ்சினியர். அவையின்ரை ஆக்கள் வந்து பாக்கேக்கை வாசலிலை புகைக்கூட்டம் நிக்கக்கூடாது."

முன்வரிசையில் நான் நிறுத்திய கார்களில் பாதி லீசிங்கில், மாத வாடகைக்கு எடுத்தவை. சொந்தமில்லாத காரில் இருந்து இறங்குபவன் எப்போதும் கதவை மெல்லச் சாத்துவான். அதைப் பார்த்துக்கொண்டு ஈரப் பனிக்குள் நின்றேன்.

பெண்ணின் தாய்மாமன், கோபன்ஹேகனுக்குப் பக்கத்திலுள்ள புரொண்பியிலிருந்து, கடலுக்கு மேல் போட்ட பெரிய பாலத்தைத் தாண்டி வந்தார். கறுப்பு நிறத்தில், கப்பல் போன்ற ஜெர்மன் கார். முந்தியெல்லாம் ரண்டர்ஸில் எந்தக் கல்யாணம் என்றாலும் அதற்கு வாசலோடு இடம் ஒதுக்குவார்கள். அந்த ஈரத்திலும் சில்லு வரைக்கும் கழுவி வந்திருந்தார். கண்ணாடியை இறக்கினார்.

"எங்கை விட?"

"பின்னுக்கு, அண்ணை."

"நான் ஆரெண்டு தெரியுமோ?"

"தெரியும். பொம்பிளையின்ரை தாய்மாமன்."

"பேந்தென்ன?"

"கார் பெற்றோல் எல்லோ."

அவர் என்னையும் முன்வரிசையையும் மாறி மாறிப் பார்த்தார். பின்னுக்குப் போய்க் குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் காரை விட்டார். ஆனால் இறங்கவில்லை. எஞ்சினை நிறுத்தவுமில்லை.

அவர் இறங்காதது வேறு நாளென்றால் பெரிய விசயமில்லை. அன்றைக்கு விசயம்தான். பெண் கோபன்ஹேகனில் படித்த வருடங்களில் மாமன் வீட்டில்தான் இருந்தாள். உடுப்பு மாற்றும் அறையிலிருந்து மணவறை வரைக்கும் தன்னை மாமாதான் கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்று அவள் கேட்டிருந்தாள். தகப்பன் அரை மனதோடுதான் சம்மதித்தாராம். கார்களைப் பிரித்து விடுகிற யோசனை அவருக்கு அதற்குப் பிறகு வந்ததா முதலே வந்ததா என்று எனக்குத் தெரியாது.

முதலில் பெண்ணின் தாய், அதாவது அவருடைய தங்கை, குடையைப் பிடித்து, சேலையைத் தூக்கிக்கொண்டு வந்து கண்ணாடியில் தட்டினாள்.

"அண்ணை, இறங்குங்கோ. முகூர்த்தத்துக்கு நேரமாகுது."

"உன்ரை மனுசனை வரச்சொல்லு."

"அவர் மாப்பிள்ளை வீட்டுக்காரரோடை நிக்கிறார்."

"அப்ப நானும் என்ரை காரோடை நிக்கிறன்."

அவள் அழுதபடி போனாள். போகும்போது என்னைப் பெண்ணின் தகப்பனிடம் அனுப்பினாள். அவர் வாசலில் கும்பிட்டபடி ஆட்களை வரவேற்றுக்கொண்டிருந்தார். சிரிப்பை விடாமல் என்னிடம் பல்லுக்குள் பேசினார்.

"பட்டு வேட்டியோடை போய்ப் பெற்றோல் மணக்க மணக்க நிண்டு கெஞ்சச் சொல்லுறியோ?"

"ஒரு சொல்லுச் சொன்னாக் காணும், அண்ணை."

"நீ காரைப் பார்."

பார்த்தேன். பின்னுக்குத் திரும்பி வந்தபோது பெண்ணே அங்கே நின்றாள். சேலைக்கு மேல் தடித்த குளிர்ச் சட்டை, காலில் பனிச் சப்பாத்து, தலை நிறையப் பூ. முதலில் டேனிஷில் ஏதோ வேகமாகச் சொன்னாள். அவர் பதில் சொல்லாததால் தமிழுக்கு வந்தாள்.

"மாமா, வாறீங்களோ இல்லையோ?"

"கொப்பர் என்னைக் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்திலை விட்டிருக்கிறார், பிள்ளை."

"கார்தானே குப்பைக்குப் பக்கத்திலை நிக்குது. நீங்கள் இறங்கலாம்."

"மரியாதை எண்டு ஒண்டு இருக்கு."

"எனக்கு?"

அவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் குளிர்ச் சட்டையை இழுத்து மூடினாள்.

"மேளம் தொடங்க நான் நடப்பன். நீங்கள் வந்தா உங்களோடை. வராட்டித் தனிய. அப்பாவோடையும் இல்லை. அவருக்கும் சொல்லிட்டன்."

அவள் போனபின் அவர் என்னைப் பார்த்து, "குளிருக்கை நிக்காதை தம்பி, ஏறு" என்றார். ஏறினேன். சூடான தோல் இருக்கை. என் வாழ்க்கையில் நான் இருந்த இடங்களில் அது வசதியானது, சந்தேகமில்லை. எஞ்சின் சத்தம் வெளியில்தான் கேட்டது; உள்ளே கோயில் மூலஸ்தானம் போல அமைதி.

"தங்கச்சியின்ரை மனுசன் வருவான்" என்றார். "வராமல் எங்கை போறது? மச்சான் இல்லாமல் கலியாணம் நடத்தேலுமோ?"

அந்தச் சூட்டைத் தர எஞ்சின் சும்மா நின்று குடித்துக்கொண்டிருந்தது. ஓடாத காருக்கு லீற்றருக்கு எத்தனை என்று கணக்கு இல்லை.

மேளம் தொடங்கியது. ஹோல் சுவரைத் தாண்டி வந்தது தவில்.

"அண்ணை, மேளம்."

"கேக்குது."

"பிள்ளை வெளிக்கிட்டிருக்கும்."

"கேக்குது எண்டனே."

அவர் வாசல் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் வரவில்லை. அப்போது மணி போல ஒரு சின்னச் சத்தம் கேட்டு, ஸ்டியரிங்குக்குப் பின்னால் செம்மஞ்சள் லாம்பு எரிந்தது. பெற்றோல் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. உடனே கையை நீட்டி எஞ்சினை நிறுத்தினார்.

"திரும்பிப் போகவேணுமெல்லே" என்று சொல்லிக் கோட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டு இறங்கினார்.

தங்கை அழுதும் இறங்கவில்லை, மருமகள் கேட்டும் இறங்கவில்லை. ஒரு லாம்பு சொன்னதும் இறங்கினார்.

நாங்கள் உள்ளே போனபோது அவள் மணவறையில் இருந்தாள். இவ்வளவு பேருக்கு நடுவில் நிமிர்ந்த தலையோடு தனியே நடந்து போனாளாம். மாப்பிள்ளை வீட்டார் அதை டென்மார்க் முறை என்று நினைத்து மெச்சினார்களாம். வாசலோடு நின்ற ஒரு மனிசி சொன்னார். மாமன் சுவரோரமாக நின்றார். தாலி கட்டியதும் எல்லோரோடும் சேர்ந்து அறுகரிசி போட வரிசையில் போனார். அவளுடைய தலையில் தூவினார். அவள் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் யாரோ ஒருவர், குடும்பம் சேரட்டும் என்று, அவரையும் தகப்பனையும் ஒரே மேசையில் இருத்திவிட்டார். நான் அந்தப் பக்கம் தண்ணீர்ப் போத்தல் வைத்துக்கொண்டிருந்தேன். இருவரும் வடையைப் பிய்த்துப் பிய்த்து வைத்தார்கள். கடைசியில் தகப்பன்தான் தொடங்கினார்.

"பாலத்திலை காத்துக் கடுமையோ, மச்சான்?"

"கடுமைதான். எதிர்க்காத்து எண்டா லீற்றருக்கு ஏழுதான் கிடைக்குது."

"எனக்கும் காத்தெண்டால் சார்ச் மடமடவெண்டு இறங்கும்."

"உண்மையாவோ? அதை ஒருத்தரும் சொல்லேல்லையே."

"ஆர் சொல்லுறது?"

இருவரும் சிரித்தார்கள். பாயாசம் வந்தபோது கதிரைகளை நெருக்கி இழுத்துக்கொண்டு, பற்றரியின் ஆயுளைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் இருந்தவர்களுக்கும் அதில் சொல்ல நிறைய இருந்தது.

மேடையிலிருந்து பெண் ஒருமுறை அந்த மேசையைப் பார்த்தாள். படம் எடுப்பவன் இந்தப் பக்கம் பார்க்கச் சொல்லிக் கை காட்டினான். திரும்பிச் சிரித்தாள்.