சரவெடியில் இடம் மாறிய சர்க்கரை

எனக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள் என்று போன வாரம் ஊரே சொன்னது. எனக்குத்தான் தெரியாது!

எம். புதுப்பட்டிப் பக்கம் எங்கள் குலசாமி கோயிலில் ஒரு காதுகுத்து. குடும்பத்தோடு நின்று எடுத்த போட்டோவை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன். அவ்வளவுதான்... போன் மேல் போன். பேத்தியா, சொல்லவே இல்லையே என்று எல்லோரும் கேட்கிறார்கள். என் மகனுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. பெண் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம் வேறு!

போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். என் இடுப்பில் ஒரு பெண் குழந்தை. என் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டிருக்கிறாள். பார்க்கிறவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்?

அப்புறம்தான் ஞாபகம் வந்தது. போட்டோகிராபர் 'ரெடி' சொன்ன நேரம் பார்த்து யாரோ சரவெடியைப் பற்ற வைத்துவிட்டார்கள். கோயில் வாசலில் பூ விற்கும் கனகாவின் மகள் அம்மா பக்கத்தில்தான் நின்றிருந்தாள். சத்தத்தில் மிரண்டு ஓடி வந்து, கைக்கெட்டிய இடுப்பில் ஏறிக்கொண்டாள். அது என் இடுப்பு. வெடி ஓய்ந்ததும் இறங்கி அம்மாவிடம் போய்விட்டாள். நடுவில் 'க்ளிக்'. அந்தக் களேபரத்தில் நானும் மறந்துபோனேன்.

என்னைக் கிண்டல் செய்யக் கூப்பிட்டவர்களில் என் தம்பி மகள் மீனாவும் ஒருத்தி. பெங்களூரில் ஆராய்ச்சி மாணவி. நடந்ததைச் சொன்னேன். சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று நிறுத்தினாள்.

"அத்தை, வெடிக்கும்போதுதான் ஏறுனாளா? அதுக்கு முன்னாடி அவுக அம்மாகிட்டதான நின்னா?"

ஆமாம் என்றேன். அப்புறம் பேசுகிறேன் என்று போனை வைத்துவிட்டாள். இதென்னடா இது?

மீனாவின் ஆராய்ச்சி தாய்ப்பாலில் இருக்கும் சர்க்கரைகள் பற்றியது. காபியில் போடுகிற சர்க்கரை இல்லை... சின்னச் சின்ன சர்க்கரைகள் கைகோத்து, கிளை விட்டு நிற்கும் சங்கிலிகள். எது எதோடு ஒட்டியிருக்கிறது என்று கண்ணால் பார்க்க முடியாது. என்ன செய்வார்கள்? மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற மெஷினுக்குள் அனுப்பி, சங்கிலியில் மின்சாரத் தன்மையை ஏற்றி, வாயுவில் மோத விட்டு உடைப்பார்கள். உடைந்த துண்டுகளை எடை போடுவார்கள். எந்தத் துண்டில் எது இருக்கிறது என்பதை வைத்து முழுச் சங்கிலியை ஊகிப்பார்கள். பருப்பும் வத்தலும் மூட்டை மூட்டையாக எடை போடுகிற விருதுநகரில் குடியிருப்பவள் நான். மூலக்கூறுகளை எடை போடுகிறார்கள் என்று கேட்டபோதே எனக்குப் புல்லரித்தது!

அந்தத் துண்டுகளில் ஒன்றுதான் மீனாவைத் தூங்க விடாமல் செய்தது. சங்கிலியின் ஓரத்தில் தொங்க வேண்டிய ஃபியூகோஸ் என்ற குட்டிச் சர்க்கரை, அந்தத் துண்டில் வேறொரு இடத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அப்படியானால் இது யாரும் பார்க்காத புது சர்க்கரை! கருத்தரங்கில் பேச இடமும் கிடைத்துவிட்டது.

என் தம்பி சிவகாசியில் பட்டாசு லேபிள் அடிக்கும் அச்சகம் வைத்திருக்கிறான். மற்ற ஊர்களில் சந்தோஷம் என்றால் ஃப்ளெக்ஸ் வைப்பார்கள். இவன் லேபிள் அடித்துவிட்டான். தீபாவளிக்குச் சொந்தக்காரர்களுக்குக் கொடுக்கும் பரிசுப் பெட்டிக்காக, நடுவில் மகள் படம், மேலே 'புதிய சர்க்கரை கண்ட எங்கள் மீனா' என்று தங்க நிறத்தில்... ஷீட் ஷீட்டாக அடித்து அடுக்கியாயிற்று. வெட்டி ஒட்ட வேண்டியதுதான் பாக்கி.

மறுநாள் மீனா கூப்பிட்டாள். பேச்சில் அப்படி ஒரு பரபரப்பு. அந்தக் குட்டிச் சர்க்கரையும் கனகா மகள் மாதிரிதான் செய்திருக்குமோ என்று சந்தேகமாம். மோதிய வேகத்தில் சங்கிலி உடைவதற்கு முன்பே, அது இருந்த இடத்தை விட்டு வேறொரு இடத்தில் தாவி ஒட்டிக்கொள்ளும். மெஷின் அந்த நிலையில்தான் எடை போடும். பார்க்கிறவர்கள் அது பிறந்ததிலிருந்தே அங்கேதான் இருந்தது என்று எழுதிவிடுவார்கள். இப்படி நடக்கும் என்று வேறு ஆராய்ச்சியாளர்கள் ஏற்கெனவே எச்சரித்திருக்கிறார்களாம். இவளும் படித்திருக்கிறாள்.

"என் சாம்பிள்ல நடக்காதுன்னு நெனச்சுட்டேன் அத்தை. புதுசா இருக்கணும்னு அம்புட்டு ஆசை."

பேத்தி வேண்டும் என்று ஆசைப்படுகிற ஊருக்கு என் போட்டோ போதவில்லையா?

உறுதிப்படுத்த ஒரு வழி இருந்தது. மின்சாரத் தன்மைக்காக அதுவரை அவள் சர்க்கரையில் ஏற்றியது புரோட்டான். அது ஒரு இடத்தில் நிற்காமல் அலைந்து, குட்டிச் சர்க்கரையையும் தாவ வைத்துவிடும். அதற்குப் பதில் சோடியத்தை ஏற்றினால் இந்தத் தாவல் அடங்கிவிடும். அப்போதும் அந்தத் துண்டு வந்தால், புது சர்க்கரை பிழைக்க வழியுண்டு. வராவிட்டால்... லேபிள் போச்சு, கருத்தரங்கு போச்சு.

அன்று எனக்குச் சமையலே ஓடவில்லை. துண்டு வர வேண்டும் என்று குலசாமியை வேண்டிக்கொண்டேன். அறிவியலுக்காக எங்கள் குலசாமியைத் தொந்தரவு செய்த முதல் ஆள் நானாகத்தான் இருக்கும்.

சாயங்காலம் போன் வந்தது.

"வரலை அத்தை. சுத்தமா இல்லை. தாவத்தான் செஞ்சிருக்கு."

குரல் உடையும் என்று பார்த்தேன். சிரிக்கிறாள்! கண் இமைப்பதற்குள் சர்க்கரை இடம் மாறுவதைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டாளாம். தன் பழைய முடிவுகளை எல்லாம் எடுத்து வைத்து, இன்னும் யார் யார் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தேடப் போகிறாளாம். கருத்தரங்கில் இதையே பேசப் போகிறேன் என்றாள். அந்தச் சந்தோஷம் எனக்கும் தொற்றிக்கொண்டது. அப்புறம் குரல் இறங்கியது. "அப்பாகிட்ட மட்டும் நீங்க சொல்லிருங்க."

நல்ல வேலை கொடுத்தாள் போங்கள்!

சிவகாசிக்குப் பஸ் ஏறினேன். தம்பி லேபிள் அடுக்குக்குப் பக்கத்தில்தான் நின்றான். எல்லாவற்றையும் சொன்னேன். 'இருக்கட்டும்க்கா, சொந்தக்காரனுக்கு என்ன தெரியப்போகுது' என்பான் என்று எதிர்பார்த்தேன். சொல்லப்போனால், நானே அப்படிச் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவன் ஒரு ஷீட்டை எடுத்து மகள் முகத்தையே பார்த்தான்.

"உள்ள புஸ்வாணத்தை வச்சுட்டு மேல சாட்டைன்னு லேபிள் ஒட்ட முடியுமாக்கா? கையில பிடிச்சுப் பத்த வைக்கிறவன் கதி என்ன?"

அந்த ஷீட்டுகளை அப்போதே கழிவுத்தாள் மூட்டையில் கட்டச் சொன்னான். மகளுக்குப் போன் போட்டு, கண்டுபிடிச்சது என்னமோ அதை மட்டும் சொல்லு தாயி, அதைப் பெருசா அடிக்கேன் என்றான்.

புது லேபிள் வந்துவிட்டது. படத்தில் நானும், என் இடுப்பில் அந்தக் குழந்தையும். கனகாவிடம் கேட்டுத்தான் போட்டோம். பெட்டி முதலில் தனக்குத்தான் என்று சிரித்துக்கொண்டே சம்மதித்தாள். படத்துக்குக் கீழே தம்பி தெளிவாக அடித்திருக்கிறான்: 'குழந்தை கனகாவுடையது. வெடிச் சத்தத்தில் இடம் மாறியது. சர்க்கரையும் இப்படித்தான் மாறும் என்று காட்டியவர் எங்கள் மீனா.'

பெட்டிகள் போய்ச் சேர ஆரம்பித்துவிட்டன. பேத்திக்கு என்ன பெயர் என்று நேற்றும் ஒருவர் கேட்டார்... லேபிளை யார் சார் படிக்கிறார்கள்?