என் எண்ணைக் கட்டிக்கொண்டு போன குழந்தை

இரண்டு வருடங்களுக்கு முன், ஓர் அமாவாசை நாளில் எங்கள் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் தொடங்கிய கதை இது. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டத்தில் பாதிப் பேர் எங்கள் ஊரில் இறங்கித்தான் ஸ்பெஷல் பஸ் மாறுவார்கள். ஒவ்வொரு அமாவாசைக்கும் எங்கள் தெருவில் ஏழெட்டுக் குடும்பங்கள் சேர்ந்து பஸ் ஸ்டாண்டில் ஒரு மேசை போட்டுத் தண்ணீர் கொடுப்போம். கூடவே இன்னொரு வேலையும் உண்டு. சின்னப் பிள்ளைகளின் மணிக்கட்டில், அம்மா அப்பாவின் செல் நம்பர் எழுதிய துணிப்பட்டையைக் கட்டி அனுப்புவோம். அந்தக் கூட்டத்தில் பிள்ளை கை நழுவிவிட்டால், பார்க்கிறவர்கள் போன் செய்யலாம் அல்லவா?

பட்டை என் இலாகா. நான் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவள். லைனிங் துணியில் மிஞ்சுவதையெல்லாம் சேர்த்து வைத்து, அமாவாசைக்கு முந்தின நாள் விரல் அகலத்துக்கு வெட்டி, ஓரம் பிரியாமல் தைத்துவிடுவேன். அன்றைக்கு வீடு அல்லோலகல்லோலப்படும். அப்போது பெரியவளுக்கு ஆறு வயது, சின்னவனுக்கு இரண்டு. பட்டைகளைப் பத்துப் பத்தாக அடுக்குவது பெரியவளின் வேலை. அடுக்கியதைக் கலைப்பது சின்னவனின் வேலை. இடையில் அவன் தையல் சாக்பீஸைத் தின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது அவர்கள் அப்பாவின் வேலை. எலக்ட்ரீஷியன் என்பதால் வீட்டில் இருக்கிற நேரமே குறைவு. இருக்கிற நேரத்திலும் இப்படி ஒரு டியூட்டி.

பெரியவள் முடிச்சுப் போடக் கற்றுக்கொண்டதே இந்தப் பட்டைகளில்தான். பொம்மைக்குக் கட்டுவாள், குக்கர் பிடிக்குக் கட்டுவாள், தூங்குகிற தம்பியின் இரண்டு கால்களையும் சேர்த்துக் கட்டி ஒருநாள் என்னிடம் அடியும் வாங்கினாள்.

எனக்கு எல்லாவற்றிலும் சுத்தமும் ஒழுங்கும் வேண்டும். "மேஸ்திரி அம்மா" என்று கணவர் கிண்டல் செய்வார். மேசையில் நான் போட்ட சட்டம்தான் சட்டம். முதலில் நம்பரை எழுத வேண்டும். பிறகு ஒரு மிஸ்டு கால் கொடுத்துச் சரிபார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கட்ட வேண்டும். எழுதாத வெறும் பட்டையை எந்தப் பிள்ளையின் கையிலும் கட்டவே கூடாது. இதைப் பெரியவளிடம் மட்டும் நூறு முறையாவது சொல்லியிருப்பேன். வீட்டைவிட்டுக் கிளம்பும்போது முதல் பட்டை அவளுக்குத்தான் கட்டுவேன், என் நம்பரை எழுதி.

அந்த அமாவாசை ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலையிலேயே கூட்டம் நெரிந்தது. "நைனா, கோட்டைக்குப் போலாம்னு சொன்னியே" என்று பெரியவள் முதலில் அப்பாவிடம் கொஞ்சம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள். மேசைக்கு வந்து வரிசையைப் பார்த்ததும் கோட்டையை மறந்துவிட்டாள். பட்டைகளை எடுத்து எடுத்துக் கொடுத்தாள். சின்னவன் மேசைக்கு அடியில் காலி டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தான். பக்கத்து வீட்டு அக்கா தண்ணீர் ஊற்ற, நான் எழுத, என் கணவர் பஸ் வருகிற பக்கம் பார்த்துக் குரல் கொடுக்க, மதியம் போனதே தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. யாராவது நம் கையெழுத்தைப் பார்த்து, "அழகா எழுதறீங்கம்மா" என்று சொல்லிவிட்டால் தலை கால் புரியாது எனக்கு.

மூன்று மணி வாக்கில் என் போன் அடித்தது. தெரியாத நம்பர். ஒரு ஆண் குரல், இருமலோடு வந்தது. பின்னால் பம்பை, ஒலிபெருக்கி, கரும்பு ஜூஸ் மெஷினின் மணிச் சத்தம்.

"எம்மா, ஒரு பாப்பா அழுதுகினு இருக்குதும்மா. கையில உன் நம்பரு கட்டியிருக்குது. நான் மலையனூர்ல..."

நான் திரும்பிப் பார்த்தேன். என் மகள் இரண்டடி தள்ளி நின்று பட்டையை அடுக்கிக்கொண்டிருந்தாள். எதிரே இருபது பேர் வரிசையில் நின்றார்கள்.

"எங்க பாப்பா எங்கூடத்தான் இருக்குது. நம்பரை ஒழுங்காப் பாத்துப் போடுங்க" என்று சொல்லிவிட்டு, அவர் பேசி முடிப்பதற்குள் கட் செய்துவிட்டேன். அடுத்த பிள்ளையின் கையைப் பிடித்து எழுத ஆரம்பித்தேன். சத்தியமாக அதற்குப் பிறகு அந்த போனை நான் நினைக்கவே இல்லை.

அரை மணி நேரம் கழித்துக் கூட்டம் கொஞ்சம் குறைந்தது. பிள்ளைகளுக்குத் தயிர் சாதம் ஊட்டலாம் என்று பெரியவளின் கையைக் கழுவப் பிடித்தேன். மணிக்கட்டு வெறுமனே இருந்தது.

"உன் பட்டை எங்கடி?"

"அவுத்துட்டேன்."

"எங்க போட்ட?"

"ஒரு குட்டிப் பாப்பாக்குக் கட்டிட்டேன். அவங்க அம்மா பாட்டில்ல தண்ணி புடிச்சுகினு இருந்தாங்க. பஸ்ஸு வந்துடுச்சு, ஓடிட்டாங்க. அது கையில ஒண்ணுமே இல்லம்மா."

"மேசையில இத்தன இருக்குதே, அதுல ஒண்ணக் கட்ட வேண்டியதுதானே?"

"அதுல நம்பரே இல்லியே. வெறும் பட்டை கட்டக் கூடாதுன்னு நீதானே சொன்ன?"

அப்போதுதான் மூன்று மணிக்கு வந்த போன் நினைவுக்கு வந்தது. அந்த ஆள் சரியாகத்தான் போட்டிருக்கிறார். அது என் நம்பர்தான். எங்கோ ஒரு சின்னக் குழந்தை கூட்டத்தில் தொலைந்து நிற்கிறது, அதன் கையில் இருப்பது என் நம்பர், நான் அந்த போனைக் கட் செய்திருக்கிறேன். அந்தப் பட்டை இல்லாமல் இருந்திருந்தாலாவது யாராவது நேராக போலீஸிடம் கொண்டுபோய் விட்டிருப்பார்களே என்று நினைத்தேன்.

உடனே அந்த நம்பருக்குப் போட்டேன். பிஸி. மறுபடியும் போட்டேன். பிஸி. பிறகு தொடர்பு எல்லைக்கு வெளியே. அமாவாசைக்கு மேல்மலையனூரில் டவர் கிடைப்பது அம்மன் அருளிருந்தால்தான். கணவரிடம் சொன்னேன். ஒரு வார்த்தை திட்டவில்லை மனிதர். "ஏறு. பாப்பாவையும் தூக்கிக்க. அந்தக் குழந்தைய அடையாளம் காட்ட அவள வுட்டா வேற ஆளு இல்ல" என்று பைக்கை எடுத்தார். சின்னவனைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டுக் கிளம்பினோம்.

சாதாரண நாளில் அரை மணி நேர வழி. அன்றைக்கு முன்னால் பஸ், பின்னால் வேன். நடுவில் உட்கார்ந்திருந்த பெரியவளிடம் கேட்டுக்கொண்டே போனேன்.

"அந்தப் பாப்பா எப்படி இருந்துச்சு? நல்லா யோசிச்சு சொல்லு."

"மொட்டை. மஞ்ச கவுனு."

அம்மன் கோயிலில், அமாவாசை அன்றைக்கு, மொட்டை அடித்து மஞ்சள் கவுன் போட்ட குழந்தை! என் கணவர் அந்த அவசரத்திலும் சிரித்துவிட்டார். எனக்கு அழுகைதான் வந்தது.

ஊருக்கு வெளியிலேயே வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். மகளைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு கணவர் முன்னால் நடந்தார். போனில் பேசியவர் எங்கே நிற்கிறார் என்று சொல்ல வந்ததை நான்தான் கேட்கவில்லையே. எனக்கு நினைவிருந்ததெல்லாம் இருமலும் கரும்பு ஜூஸ் மெஷினின் மணியும்தான். அந்த மணிச் சத்தத்தைத் தேடி நடந்தோம். முதல் ஜூஸ் கடைக்காரருக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது கடையை நெருங்கும்போது மேலிருந்து மகள் கத்தினாள், "நைனா, அதோ! அந்தப் பாப்பாதான்!"

ஜூஸ் கடையை ஒட்டி ஒரு பொரிக்காரரின் தள்ளுவண்டி. அதன் பக்கத்தில் பொரி மூட்டை. மூட்டையின்மேல், வரும் வழியில் வேறு ஏதோ கோயிலில் முடி இறக்கிச் சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு அந்தக் குழந்தை உட்கார்ந்திருந்தது. இரண்டு வயதுகூட இருக்காது, என் சின்னவன் அளவுதான். கன்னத்தில் கண்ணீர் காய்ந்து கோடு போட்டிருந்தது. ஒரு கையில் பொரி. மணிக்கட்டில், என் மகள் போட்ட கோணல் முடிச்சோடு, என் அழகான கையெழுத்து.

பொரிக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். "நீதானா போன்ல பேசுனது?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். சண்டை போடுவார் என்று நினைத்தேன்.

"நீ அப்படி சொன்னதும், எழுதுனவங்கதான் ஏதோ ஒரு நம்பரத் தப்பா எழுதிட்டாங்கன்னு நெனச்சேன்மா. அதான் கடைசி நம்பர மட்டும் மாத்தி மாத்திப் போட்டுகினே இருந்தேன். ஒருத்தன் கண்டபடி திட்டுறான். ஒரு அம்மா லோன் வேணுமான்னு கேக்குது" என்று சொல்லி இருமலும் சிரிப்புமாக நின்றார்.

நான் விடாமல் கூப்பிட்டபோதெல்லாம் அவர் போன் பிஸியாக இருந்தது இதனால்தான். அந்த நெரிசலில், வியாபாரத்தை விட்டுவிட்டு, முன்பின் தெரியாத ஒரு பிள்ளைக்காக ஒவ்வொரு எண்ணாக மாற்றிப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார் அந்த மனிதர். போலீஸ் பந்தலுக்குத் தூக்கிப்போகலாம் என்று பார்த்தாராம். மூட்டையிலிருந்து இறக்கினாலே குழந்தை கத்தியிருக்கிறது. யாரோ ஒரு பையனிடம் சொல்லி அனுப்பினாராம். சேதி போய்ச் சேரவில்லை.

என் மகள் பக்கத்தில் போய் நின்றதும் குழந்தை அவளைப் பார்த்துக் கையை நீட்டியது. பட்டை கட்டிவிட்ட அக்காவை அதற்கு நினைவிருந்ததோ, சும்மா இன்னொரு பிள்ளை என்றுதான் நீட்டியதோ, தெரியாது. அவள் கையைப் பிடித்துக்கொண்டதும் அழாமல் என் இடுப்புக்கு வந்துவிட்டது.

போலீஸ் பந்தலுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அங்கே மைக்குக்குப் பக்கத்தில், தரையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். என்னைவிட இளையவள். எங்கள் மேசையில் தண்ணீர் நிரப்பிய பாட்டிலை இன்னும் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். குழந்தையைப் பார்த்ததும் அவள் எழுந்த வேகத்தில் நாற்காலி ஒன்று சாய்ந்தது. குழந்தையை வாங்கி முகம், கழுத்து, காது என்று தடவித் தடவிப் பார்த்தாள். அழுதாள், அடித்தாள், முத்தம் கொடுத்தாள். பிறகு என் காலில் விழப்போனாள். நான் பதறிப் பிடித்துக்கொண்டேன்.

"என்னைக் கும்புடாதம்மா. போன் வந்தப்ப கட் பண்ணுனவளே நான்தான். ஒன்றரை மணி நேரம் என்னாலதான் நீ இப்படித் தவிச்ச" என்று சொன்னேன். அவள் காதில் எதுவும் ஏறவில்லை. "நல்லா இருக்கணும்க்கா, உன் பிள்ளைங்க நல்லா இருக்கணும்" என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

பொரிக்காரரிடம் திரும்பி வந்து விஷயத்தைச் சொன்னோம். "அப்பாடா" என்றார், அவ்வளவுதான். மகளுக்கு ஒரு பொட்டலம் பொரியை அள்ளிக் கொடுத்துவிட்டு வியாபாரத்தைப் பார்க்கப் போய்விட்டார்.

பைக்கில் திரும்பும்போது காற்று நன்றாக இருந்தது. மனசும் லேசாகிவிட்டது. மூவரும் பொரி தின்றுகொண்டே வந்தோம். வழியில் வளத்தி என்கிற ஊரைத் தாண்டியதும் மகள் திடீரென்று கேட்டாள்.

"ஏம்மா, அந்த மாமா போன் பண்ணப்பவே நீ ஏன் போகல?"

"நம்ம பாப்பா நம்மகிட்டயே இருக்குதுன்னு நெனச்சேன்டி."

"நான் உங்கிட்டதான் இருந்தேன். அந்தப் பாப்பா இல்லியே" என்றாள். பிறகு, "உன் நம்பரு இருந்தா நீ போய்க் கூட்டினு வந்துடுவன்னுதானே கட்டினேன்" என்றாள், மிகச் சாதாரணமாக, வாயில் பொரியோடு. கணவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் அவளைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

இப்போதும் அமாவாசைக்கு மேசை போடுகிறோம். பெரியவள் எட்டு வயதில் என்னைவிடக் கறாரான மேஸ்திரியாகிவிட்டாள். தெரியாத நம்பரிலிருந்து யார் அழைத்தாலும், ராங் நம்பர் என்றாலும், எதிரில் இருப்பவர் சொல்லி முடிக்கிறவரை நான் காதிலிருந்து போனை எடுப்பதில்லை. யார் வீட்டுப் பிள்ளை அழுதாலும் தன் அம்மா எழுந்து ஓடிவருவாள் என்று அந்த ஆறு வயதுக்காரி என்மேல் வைத்திருந்த நம்பிக்கைக்கு, நான் ஒன்றரை மணி நேரம் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தேன்.